அப்பாவிடம் யார் சொல்வது

1

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு என் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து போன் வந்தது. நான் வேலையில் இருந்தேன். கார் இருக்கைக்குப் போகும் தோலை மேசையில் விரித்து, குறை இருக்கும் இடத்தைச் சில்வர் பேனாவால் வட்டமிட்டு ஒதுக்குவது என் வேலை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் எதைச் செய்தேனோ அதையேதான் ஜெர்மனியிலும் செய்கிறேன். இங்கே கையுறை தருகிறார்கள், சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

பள்ளி அலுவலகப் பெண்மணி எனக்காகவே ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார். ரூத் நான்கு நாளாக வரவில்லை. உடம்பு சரியில்லை என்று நான் எழுதிய கடிதம் கிடைத்தது. சீக்கிரம் குணமாகட்டும். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்பு பள்ளி அனுப்பிய கடிதத்தில் கையெழுத்து மட்டும் போட்டுத் திருப்பியிருக்கிறேனாம், ஆசிரியரை எந்தத் தேதியில் சந்திக்க வருவேன் என்று குறிக்கவில்லையாம்.

நான் எந்தக் கடிதமும் எழுதவில்லை, எதிலும் கையெழுத்துப் போடவில்லை. "ஆமாம், ஆமாம்" என்றேன். பயம் வந்தால் என் வாயில் வரும் ஒரே ஜெர்மன் சொல் அதுதான். பிறகு, அந்தக் கடிதம் எதைப் பற்றி என்று, மறந்துவிட்டவன் போலக் கேட்டேன். ரூத்தின் மதிப்பெண் இந்தப் பள்ளிக்குப் போதாது, அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்கு மாறுவது நல்லது என்றார்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். இங்கே நாலாம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். நன்றாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு பள்ளி, நடுத்தரத்துக்கு ஒன்று, அதற்கும் கீழே இன்னொன்று. ரூத்துக்கு மேல் பள்ளி கிடைத்தபோது ஆம்பூரில் எனக்குத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் போன் செய்து சொன்னேன். இப்போது அவளைக் கீழே இறக்குகிறார்கள். ஏ தரத்தில் கட்டிய தோலைப் பிரித்து பி கட்டில் போடுவது போல.

கையுறையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போக அனுமதி கேட்டேன்.

2

வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு அப்படி என்ன கவலை என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எனக்குத் தபால்பெட்டியைக் கண்டாலே கவலை. இந்த ஊரில் எல்லாம் கடிதத்தில்தான் வரும். குப்பைத் தொட்டி மாற்றினாலும் கடிதம், விசா நீட்டிக்கவும் கடிதம். இரண்டுக்கும் ஒரே நிற உறை. குடியுரிமைக்கு விண்ணப்பித்து ஒன்றரை வருடமாகிறது. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் இருந்ததால், என் அப்பா என் அப்பாதான் என்று வேலூரில் ஒரு வக்கீலை வைத்து உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, அதை மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்புக்கு ஒரு முத்திரை வாங்கி அனுப்பினேன். அந்தப் பத்திரம் போய்ச் சேர்ந்த வாரத்தில்தான் அப்பா இறந்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் இறந்து சரியாக ஒரு வருடம். அன்று மாலை ஆறு மணிக்கு ஆம்பூர் வீட்டில் நினைவு ஜெபக் கூட்டம். இங்கே அது மதியம் இரண்டரை. நான் வீடியோவில் வந்து கடைசி ஜெபம் செய்ய வேண்டும் என்று எஸ்தர் அக்கா ஒரு மாதமாகச் சொல்லிவந்தாள். அக்காவை மாதனூரில் கொடுத்திருக்கிறது. ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். ரூத் இல்லை. அவள் போன் அணைந்திருந்தது. பள்ளிப் பையும் இல்லை. அப்படியானால் நான்கு நாளும் காலையில் பையை மாட்டிக்கொண்டு, எனக்கு டாட்டா காட்டிவிட்டு எங்கோ போயிருக்கிறாள். என் மனைவி கிரேஸ் முதியோர் இல்லத்தில் நர்ஸ். வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் பூட்டிவிடுவாள். ஆறு முறை அடித்தேன், எடுக்கவில்லை. ரயில் நிலையத்தில் இருப்பாளோ, ஆற்றுப் பக்கம் போயிருப்பாளோ, யாருடனாவது போயிருப்பாளோ என்று ஒவ்வொன்றாக ஓடியது. போலீசுக்குச் சொல்லலாம் என்று எண்ணைத் தட்டினேன். போலீஸ் என்றால் காகிதம், காகிதம் என்றால் குடியுரிமை அலுவலகம் என்று கை நின்றது. அந்த நேரத்தில்கூட அதை நினைத்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அவள் அறைக்குப் போய் மேசையைக் கிளறினேன். கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் வெள்ளி நிறத்தில் வட்டங்கள். எல்லாம் நான் போட்டவை. வெள்ளிக்கிழமைதோறும் அவள் நோட்டுகளை வாங்கிப் பார்ப்பேன். தப்பைக் கண்டால் சட்டைப் பையில் இருக்கும் சில்வர் பேனாவால் வட்டமிடுவேன். சரியான விடைக்கு எதுவும் போட்டதில்லை. சரியான ஒன்றைக் கண்டால் நான் என்ன செய்ய வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை, இந்த நோட்டில் நிலா வரைவது யார் என்று சிரித்தபடி கேட்டார். ரூத் சிரிக்கவில்லை.

3

வட்டம் போடுவதை நான் அப்பாவிடம் கற்றேன். வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் நாற்பது வருடம் தரம் பிரித்தவர் அவர். சாலமன் என்றால் பஜார் முழுக்கத் தெரியும். டியூப் லைட்டுக்குக் கீழே மேசையில் தோலை விரிப்பார், கட்டை விரலை ஓரத்திலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு போவார். விரல் நின்ற இடத்தில் நீலச் சாக்பீஸால் ஒரு வட்டம். உண்ணி கடித்தது, முள் கிழித்தது, உரிக்கும்போது கத்தி பட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். "சாலமன் பாத்தா போதும், வேற யாரும் பாக்கத் தேவயில்ல" என்பார் முதலாளி பாய். ஒருநாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்க வைத்தார்.

"இன்னா பாக்கற?" என்று கேட்டார்.

"தோல் பளபளன்னு இருக்குதுப்பா."

"அத்த வுடு. நல்லது எங்கியும் ஓடிப் போவாது. மொதல்ல கொறயத் தேடு."

பத்தாம் வகுப்பு அரையாண்டில் நான் அறிவியலில் தேறவில்லை. அம்மாவிடம்தான் சொன்னேன். "அப்பா சாப்டட்டும், அப்பறம் சொல்றேன்" என்றாள். அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். உடைந்த சொம்பிலிருந்து அக்காவின் கல்யாண விஷயம் வரைக்கும் எல்லாமே அப்பா சாப்பிட்ட பிறகு அம்மா வழியாகத்தான் போகும். நான் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அவர் கை கழுவும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

அப்பா அடிக்கவில்லை. மார்க் அட்டையை வாங்கி அந்த எண்ணைச் சுற்றி நீல வட்டம் போட்டார். சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். வருடக்கடைசி வரைக்கும் அது அங்கேயே தொங்கியது. பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

அவருக்குள் எங்கோ பாசம் ஒளிந்திருந்தது, கடைசியில் நான் கண்டுபிடித்தேன் என்று இந்த இடத்தில் எழுதினால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. இருந்திருக்கலாம். எனக்கு அது தெரியாது.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிற குடும்பம். ஆனால் ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை, கிரேஸிடம்கூட. நான் ஜெபம் செய்தால் "இயேசுவே" என்றுதான் தொடங்குவேன். "பிதாவே" என்று தொடங்கினால் எனக்கு மேலே ஒன்றும் வராது. அந்தச் சொல்லைச் சொன்னதும் ஒரு மேசையும் டியூப் லைட்டும் ஒரு கட்டை விரலும் கண்ணுக்கு வரும். இயேசுவிடம் பயமில்லை. அவர் எங்கள் அம்மா மாதிரி. நாம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, நல்ல வேளை பார்த்து, உள்ளே போய்ப் பக்குவமாகச் சொல்வார். உள்ளே இருப்பவர் என்ன முடிவெடுப்பாரோ என்று நான் வெளியே காத்திருப்பேன். நாற்பத்தாறு வயது வரைக்கும் இதுதான் என் பக்தி.

4

இரண்டரைக்கு அக்கா வீடியோவில் வந்தாள். பின்னால் நாற்காலிகள், மின்விசிறிச் சத்தம், மாலை போட்ட அப்பா படம்.

"இன்னாடா தம்பி, மூஞ்சி ஏன் இப்டி இருக்குது? சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா."

"கிரேஸு எங்க? ரூத்து எங்க? கூப்புடு, எல்லாரும் பாக்கணுன்றாங்க."

"கிரேஸுக்கு ட்யூட்டி. ரூத்து... ஸ்கூல்ல இருக்கா."

"சரி வுடு. பாஸ்டர் பேசினதும் நீ ஜெபம் பண்ணு. ஜாஸ்தி இழுக்காத, சாப்பாடு ஆறிடும்."

நான் போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையோடு எந்தப் பெண் வந்தாலும் ரூத் போலவே இருந்தது. பாஸ்டர் பேசுவது ஒரு காதில் விழுந்தது. தொழுநோய்க்காரன் ஒருவன் இயேசுவிடம் வந்த கதை. அந்தக் காலத்தில் மனிதத் தோலைப் பார்த்துத் தரம் சொல்வது ஆசாரியனின், அதாவது யூதப் பூசாரியின், வேலையாக இருந்தது என்று அவர் விளக்கினார். தழும்பின் நிறத்தைப் பார்ப்பான், குழி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பான், சந்தேகமானால் ஏழு நாள் ஒதுக்கி வைத்து மறுபடி பார்ப்பான், தீட்டு என்று சொல்லிவிட்டால் ஊருக்கு வெளியே போய்விட வேண்டியதுதான். எனக்குத் திக்கென்றது. இது அப்பாவின் வேலை, என் வேலை. நூறு முறை கேட்ட கதையில் இது எனக்கு உறைத்ததே இல்லை.

"அவர் கையை நீட்டி அவனைத் தொட்டார். அப்புறம்தான் அவன் சுத்தமானான்" என்று சொல்லிவிட்டு பாஸ்டர் சுகம் கிடைப்பதைப் பற்றிப் பேசப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் தொழிலில் தொடுவது குறையைக் கண்டுபிடிக்க. குறை தெரிந்த பிறகு கையை எடுத்துவிடுவோம். இவர் குறை முழுக்கத் தெரிந்த பிறகு கையை வைக்கிறார்.

"இப்ப தம்பி ஜெபம் பண்ணுவான்" என்றாள் அக்கா. எல்லாரும் எழுந்து நின்றார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தில் எல்லாரும் தொடங்குவது போல நானும் "அன்பின் பரம பிதாவே" என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. அப்பா படத்தின் கீழே "அன்பான தகப்பனார்" என்று அச்சடித்திருந்தது. நின்றவர்கள் நின்றபடி இருந்தார்கள். அந்த அமைதியில் என் போன் மேசைமேல் அதிர்ந்தது. திரையில் கிரேஸ் பெயர்.

"அழாதடா" என்றாள் அக்கா, தானும் அழுதுகொண்டே. நான் அப்பாவுக்காக அழவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஆமென் என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டித்தேன்.

5

"அவ இங்கதான் இருக்கா" என்றாள் கிரேஸ். இடைவேளையில்தான் போனை எடுத்திருக்கிறாள்.

உட்கார்ந்துவிட்டேன்.

"நாலு நாளா இங்கதான் வர்றா. பின்னாடி தோட்டத்துல உக்காந்துருப்பா. பெரியவங்களுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுவா."

"உனக்குத் தெரியுமா?"

"லெட்டர் வந்த அன்னிக்கே தெரியும். கையெழுத்து அவளே போட்டுக்கிட்டா, அது எனக்குப் பின்னாலதான் தெரிஞ்சுது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

கிரேஸ் ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். எதையும் நேராகப் பேசுகிறவள். அன்று தயங்கினாள். "உங்க அப்பா நெனவு நாள் முடியட்டும்னு இருந்தேங்க. நல்ல நேரம் பாத்து சொல்லலாம்னு. நீங்க கத்தாம வாங்க. அவ ரொம்ப பயந்துருக்கா."

நான் கத்துகிறவன் இல்லை. அப்பாவும் கத்தியதில்லை.

முதியோர் இல்லத்துக்கு பஸ்ஸில் நாற்பது நிமிடம். மகள் உயிரோடு, பத்திரமாக இருக்கிறாள் என்ற நிம்மதி இரண்டு நிறுத்தம்தான் நின்றது. பிறகு வேறு பயம் பிடித்துக்கொண்டது. சாப்பிட்டு முடிக்கட்டும் என்று எங்கள் வீட்டில் காத்திருந்தார்களே, அந்த அப்பா இப்போது நான். எனக்குத் தெரியாமலே எத்தனை விஷயம் கிரேஸ் வழியாக நல்ல நேரம் பார்த்து வந்து சேர்ந்திருக்கும்? வந்து சேராமலே போனவை எத்தனை?

பஸ்ஸில் யோசித்ததை எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன். நான் பாஸ்டர் இல்லை, தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இயேசுவின் கடைசி இரவில் அவர் சீடன் ஒருவன் வெள்ளந்தியாக ஒன்று கேட்டான். பிதாவை ஒருமுறை காட்டிவிடுங்கள், எங்களுக்கு அது போதும் என்றான். இவ்வளவு நாள் என்னோடு இருந்துமா உனக்குத் தெரியவில்லை, என்னைப் பார்த்தவன் அவரையும் பார்த்துவிட்டான் என்று அவர் பதில் சொன்னார். சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் இதை ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன். அன்று பஸ்ஸில்தான் அது என்னிடம் பேசியது. அந்தத் தொழுநோய்க்காரன்மேல் வைத்த கை யாருடைய கை? இயேசு பிதாவுக்குத் தெரியாமல் வைத்த கை இல்லை. உள்ளே இருப்பவரைச் சமாதானப்படுத்திவிட்டு வைத்ததும் இல்லை. உள்ளே இருப்பவரே அப்படிப்பட்டவர் என்று காட்டத்தான் அவர் வந்தார். அப்படியானால் மேசையும் டியூப் லைட்டும் போட்டுக்கொண்டு எனக்காக யாரும் உள்ளே காத்திருக்கவில்லை. நாற்பத்தாறு வருடம் நான் என் அப்பாவின் முகத்தைக் கொண்டுபோய்க் கடவுளுக்கு மாட்டி வைத்திருந்தேன்.

இது தெரிந்ததும் சந்தோஷம் பொங்கியது என்று சொல்ல மாட்டேன். ஒரு நொடி நெஞ்சு லேசானது உண்மை. அடுத்த நொடியே ரூத் நினைவுக்கு வந்தாள். அவள் பிதா என்ற சொல்லைச் சொன்னால் அவள் கண்ணுக்கு எந்த முகம் வரும்? வியர்த்துவிட்டது. பஸ்ஸில் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

6

சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். பையிலிருந்து கடிதத்தை எடுத்து, நான் கேட்பதற்கு முன்னாலேயே நீட்டினாள். என் கண் பழக்கத்தில் அதன்மேல் ஓடியது. ஜெர்மன், கணக்கு, பிரெஞ்சு. கீழே என் கையெழுத்து, வால் வரைக்கும் அச்சு அசலாக. எத்தனை நாள் எழுதிப் பழகினாளோ. கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அவள் தலையில் கை வைக்கலாம் என்று நினைத்தேன். அவளைத் தொட்டு வருடக்கணக்காகிறது, எங்கே எப்படி என்று கைக்கே தெரியவில்லை. கையைத் தூக்கினேன். அவள் சட்டென்று தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

ஒருநாளும் நான் அவளை அடித்ததில்லை. ஒரே ஒரு நாள்கூட.

கையை என்ன செய்வது? கீழே போட்டால் அவள் பயந்தது சரி என்றாகிவிடும். மெதுவாக அவள் தலையில் வைத்தேன். வைத்தபடியே நின்றேன். அவள் தோள் இறுகியிருந்தது, இறங்க வெகுநேரம் ஆனது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். தோட்டத்தில் இருந்த ஒரு பாட்டியம்மா எங்களைப் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்பா, நான் அந்த ஸ்கூலுக்குப் போனா அத்தைகிட்ட என்ன சொல்வீங்க?"

"அந்த ஸ்கூலுக்குப் போறேன்னு சொல்வேன்."

"எல்லார்கிட்டயுமா?"

ஆம்பூரில் நான் போன் செய்த ஆட்கள் ஒவ்வொருவராக வரிசையில் வந்து நின்றார்கள். "எல்லார்கிட்டயும்" என்றேன். கண் தரையைப் பார்த்தது. அவள் அதைக் கவனித்தாள்.

"உங்களுக்கு அசிங்கமா இருக்கா?"

"கொஞ்சம் இருக்குது. அது என் பேஜாரு. அத்த நான் பாத்துக்கறேன். நீ என் பொண்ணு. எந்த ஸ்கூலுக்குப் போனாலும் என் பொண்ணு." இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். இப்படி ஒரு வாக்கியத்தை நான் யாரிடமும் கேட்டதில்லை, சொல்லியும் பழக்கமில்லை. சரியாகத்தான் சொன்னேனா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

கிரேஸுக்கு ஐந்து மணி வரைக்கும் வேலை. நாங்கள் இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். வழியில் பள்ளிக்குப் பொய்க் கடிதம் எழுதியதற்கு என்ன தண்டனை, அபராதம் வருமா, அது குடியுரிமைக் கோப்பில் ஏறுமா என்று என் மூளை கணக்குப் போட்டபடியே இருந்தது. ஒரே நாளில் மனிதன் மாறிவிடுவதில்லை. நாளைக் காலை பள்ளிக்கு நானும் வருகிறேன், சேர்ந்தே பேசுவோம் என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினாள். நிறுத்தத்தில் என்னை ஒட்டி உட்காரவில்லை, ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

பஸ் திருப்பத்தில் வருவது தெரிந்தது.

"அப்பா."

"இன்னாம்மா?"

"இன்னொண்ணும் இருக்கு."

"அம்மா சொன்னாளே, லெட்டர் விஷயம் எல்லாம்..."

"இது அது இல்ல. இது அம்மாவுக்கும் தெரியாது."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் எங்களைப் பார்த்தார். போகலாம் என்று அவருக்குக் கை காட்டினேன். கதவு மூடிக்கொண்டு பஸ் புறப்பட்டது.

"சொல்லும்மா" என்றேன்.